ஏஜென்டைப் பிடிக்க மஃப்டிக்கு ஒரு நிதி: ஒன்றிய, மாநில உள்துறைகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும், தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். முப்பத்தைந்து ஆண்டுகள் காவல்துறையில் வேலை பார்த்து, 2024இல் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். கடைசி மூன்று ஆண்டுகள் தென்மாவட்டம் ஒன்றின் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவில் இருந்தேன். பணியில் இருந்தபோது மனுவாக எழுத முடியாததை இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். வெளிநாட்டு வேலை என்று ஏமாற்றி ஆள் அனுப்பும் ஏஜென்டுகளைப் பிடிப்பது பற்றியது இது.

2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஓர் அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் மகனின் டிப்ளமோ சான்றிதழ், பாஸ்போர்ட் நகல், நகைக்கடன் ரசீது. மகன் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலைக்குப் போயிருக்கிறான். போன மூன்றாம் நாளிலிருந்து நள்ளிரவில் மட்டும் வாட்ஸ்அப்பில் பேசுகிறான், அதுவும் கழிப்பறையிலிருந்து, கிசுகிசுப்பாக. "இது தாய்லாந்து இல்லை அம்மா" என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மாவுக்கு மியான்மர் என்றால் தெரியவில்லை. பர்மா என்று சொன்னதும் புரிந்துகொண்டார். அவருடைய தாத்தா அங்கே வட்டிக்கடையில் கணக்கெழுதியவராம்.

வழி எல்லோருக்கும் ஒன்றுதான். டெலிகிராமிலோ முகநூலிலோ விளம்பரம் வருகிறது. கணினி தெரிந்தால் போதும், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யத் தெரிந்தால் போதும், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். வீடியோவில் ஒரு நேர்காணல், பிறகு சுற்றுலாப் பயணியாக பாங்காக். 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்த பிறகு அந்த ஒரு தடையும் போயிற்று. விமான நிலையத்தில் ஒருவன் பெயர்ப் பலகையோடு காத்திருப்பான். ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் காரில் அழைத்துப் போய், மே சோட் என்ற எல்லை ஊரில் இறக்குவார்கள். அங்கிருந்து இருட்டில் மோயி ஆற்றைக் கடந்தால் மியாவடி. சுவரும் முள்வேலியும் துப்பாக்கிக் காவலும் கொண்ட வளாகங்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதன் பிறகு நாளுக்குப் பதினைந்து, பதினாறு மணி நேரம் போலிக் கணக்குகளில் இருந்து முகம் தெரியாதவர்களை ஏமாற்றிப் பணம் பறிக்க வேண்டும். மறுத்தால் அடி, மின் அதிர்ச்சி, பட்டினி. வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் பணம் கட்ட வேண்டும். "உன்னை நாங்கள் விலைக்கு வாங்கியிருக்கிறோம்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்.

மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. நம் குடியேற்றத் துறையின் கணக்கு இன்னும் நெருக்கமாக வந்து தைக்கிறது. 2022 ஜனவரி முதல் 2024 மே வரை சுற்றுலா விசாவில் கம்போடியா, தாய்லாந்து, மியான்மர், வியட்நாம் சென்ற இந்தியர்கள் 73,138 பேர். அவர்களில் 29,466 பேர் திரும்பி வந்ததாகப் பதிவில்லை. அந்த எண்ணிக்கையில் பஞ்சாப், மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நம் மாநிலம்: 3,124 பேர். இவர்கள் எல்லோரும் அடைபட்டிருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மூவாயிரத்துச் சொச்சத்தில் ஒருவனின் அம்மா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

மீட்புப் பணியில் நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை. 2022 அக்டோபரில் பதின்மூன்று தமிழர்கள் சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கியபோது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் தொலைக்காட்சி முன் நின்றோம். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் மே சோட்டில் இறங்கி, ஒரு நாள் 283 பேரையும் மறுநாள் 266 பேரையும் ஏற்றி வந்தன. அந்த ஆண்டு இறுதியில் மியாவடி அருகே உள்ள கே.கே. பார்க் என்ற மோசடி வளாகத்தில் மியான்மர் ராணுவம் நுழைந்தபோது ஆற்றைக் கடந்து ஓடி வந்தவர்களையும் அழைத்து வந்தீர்கள். நன்றி. விமானம் அனுப்ப முடிகிற அரசால், அந்தப் பையன்களை முதன்முதலில் ஏற்றி அனுப்பிய ஏஜென்டை ஏன் பிடிக்க முடியவில்லை என்பதுதான் என் கேள்வி. காரணத்தையும் நானே சொல்கிறேன், ஏனென்றால் அதை உள்ளே இருந்து பார்த்தவன்.

எங்கள் வழக்கு எப்போதும் பையன் திரும்பி வந்த பிறகே தொடங்குகிறது. அதற்குள் ஆறு மாதமோ ஒரு வருடமோ போயிருக்கும். ஏஜென்டின் எண் செயலில் இருக்காது, டெலிகிராம் குழு கலைந்திருக்கும், பணம் போன வங்கிக் கணக்கு யாரோ ஒரு கூலித் தொழிலாளியின் பெயரில் இருக்கும். கடைசியில் கையில் அகப்படுகிறவன் உள்ளூர்த் துணை ஏஜென்ட். பல சமயம் அவன் பையனின் நண்பனாக இருப்பான், அல்லது அங்கே அடைபட்டிருந்து, "இரண்டு பேரைக் கொண்டுவா, உன்னை விடுகிறோம்" என்ற பேரத்தில் வெளியே வந்தவனாக இருப்பான். அவனுக்கு மேலே இருக்கிறவன் துபாயிலோ பாங்காக்கிலோ பத்திரமாக இருக்கிறான். அவனை எட்ட வேண்டுமென்றால் ஆள் எடுக்கும் நேரத்தில் நாம் அங்கே இருக்க வேண்டும். வேலை தேடுகிறவனாக நாமே போய் நிற்க வேண்டும்.

ஒருமுறை நின்றோம். அந்த அம்மாவின் மகனை அனுப்பிய அதே ஆள் வேறோர் எண்ணில் இன்னமும் ஆள் எடுப்பதாகத் துப்பு கிடைத்தது. ஆய்வாளரின் வாய்மொழி அனுமதியோடு, கணினி படித்திருந்த ஓர் இரண்டாம் நிலைக் காவலரை வேலை தேடும் பட்டதாரியாக்கினோம். நான் தாய்மாமன். மஃப்டி என்று பெயர்தான். தம்பியின் தலையில் இருந்தது போலீஸ் கிராப், வளர்த்துக்கொள்ள எங்களுக்கு இரண்டு மாத அவகாசம் இல்லை. போன் என்னுடைய சொந்தப் போன், எண் என்னுடைய சொந்த எண். பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடைக்கு வரச் சொன்னான். போய் அரை மணி நேரம் காத்திருந்தோம். போன் வந்தது. "என்ன மாமா, ட்ரூகாலரில் எஸ்.ஐ. என்று வருகிறதே" என்று மட்டும் கேட்டான். வைத்துவிட்டான். அந்த எண் அதன் பிறகு ஒலிக்கவே இல்லை. என் எண்ணை யாரோ அப்படிச் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். முந்நூறு ரூபாய் சிம் கார்டும் ஒரு பழைய போனும் அரசுச் செலவில் இருந்திருந்தால் அந்த மாலை வேறு மாதிரி முடிந்திருக்கலாம். பேருந்து, தங்கும் விடுதி, சாப்பாடு எல்லாவற்றுக்குமாக நான் போட்ட பயணப்படி பில், உத்தரவு நகல் இணைக்கப்படவில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. வாய்மொழி உத்தரவுக்கு ஏது நகல்?

அந்தப் பையன் ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். முதுகுப்பக்கம் சட்டையைத் தூக்கிக் காட்டியபோது அவனுடைய அம்மா வெளியே எழுந்து போய்விட்டார். அதே ஏஜென்ட் வழியாக அவனுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் வந்து சேர்ந்ததாகச் சொன்னான். எங்களிடமிருந்து அந்த ஏஜென்ட் தப்பிய பிறகு போனவர்கள் அந்த நால்வரும். அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் படுத்ததில்லை.

இனி நிதிக்கு வருகிறேன். 2020இல் நிர்பயா நிதியிலிருந்து சுமார் 100 கோடி ரூபாய், நாடு முழுவதும் மாவட்டந்தோறும் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவு அமைக்கவும் இருப்பதை வலுப்படுத்தவும் ஒதுக்கப்பட்டது. நல்ல முடிவு. அதில் எங்கள் பிரிவுக்குக் கணினி வந்தது, பிரிண்டர் வந்தது, கேமரா வந்தது, இரு சக்கர வண்டி வந்தது. எல்லாவற்றிலும் இருப்புப் பதிவேட்டு எண் எழுதி ஒட்டினோம். காவல்துறை நவீனமயமாக்கல் திட்டத்தின் பணமும் இப்படித்தான் வருகிறது: வாகனம், ஆயுதம், கண்காணிப்புக் கேமரா, ஆய்வகக் கருவி. பொருளாக மாறுகிற பணத்தைத் தணிக்கையில் காட்டலாம். ஒரு காவலர் மூன்று மாதம் தலைமுடி வளர்த்து, வாடகை அறை எடுத்து, வேலையில்லாப் பட்டதாரியாக வாழ்ந்ததை எந்தப் பதிவேட்டில் ஒட்டுவது? மாவட்ட அளவில் இரகசிய நிதி என்று ஒன்று உண்டுதான். இன்ஃபார்மருக்குக் கொடுப்பதற்கே அது போதாது, ஆள்கடத்தல் பிரிவு வரை அது வந்து சேர்ந்ததை நான் பார்த்ததில்லை.

நான் கேட்பது தனித் தலைப்பில் ஒரு மானியம். எல்லை கடந்த ஆள்கடத்தலையும், இணைய மோசடிக்கு ஆட்களை அடைத்துவைத்து வேலை வாங்கும் அடிமைத்தனத்தையும் புலனாய்வு செய்யும் மறைமுகப் பணிக்கு மட்டுமே செலவாக வேண்டிய மானியம். ஒன்றிய அரசும் மாநில அரசும் பங்கிட்டுக்கொள்ளலாம். பழைய எண்கள், பழைய சமூக ஊடகக் கணக்குகள் இல்லாமல் எந்த ஏஜென்டும் நம்ப மாட்டான். நேற்றுத் திறந்த கணக்கு என்றால் அவனுக்கு வாசனை தெரிந்துவிடும். ஆகவே கணக்குகளை ஓராண்டுக்கு முன்பே தொடங்கி வளர்க்க வேண்டும். மறைமுகப் பெயரில் வங்கிக் கணக்கும் அடையாள ஆவணமும் வேண்டும், அதற்கு வங்கிகளோடும் ஆதார் ஆணையத்தோடும் எழுத்துப்பூர்வமான ஏற்பாடு வேண்டும். பேச்சைப் பதிவு செய்யத் தனிக் கருவி வேண்டும். பதிவு செய்த போனே நீதிமன்றத்தில் சான்றுப் பொருள் என்பதால், சொந்தப் போனில் பதிவு செய்த காவலர் அதைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார். பலர் பதிவு செய்யாமலே விடுவதற்கு அதுவே காரணம். ஏஜென்டுக்குக் கட்டும் முன்பணமும் வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கப் பதிவு பெற்ற ஏஜென்டே 30,000 ரூபாயும் வரியும் மட்டும்தான் வாங்கலாம். பதிவே இல்லாத இவர்கள் லட்சத்தில் தொடங்குகிறார்கள். அந்தப் பணம் வழக்கு முடியும் வரை முடங்கிக் கிடக்கும், அதைத் தாங்குகிற மடி அரசிடம்தான் இருக்கிறது.

இது புதுமையான யோசனை என்று தோன்றினால், லஞ்ச ஒழிப்புத் துறையைப் பாருங்கள். பல ஆண்டுகளாக நம் மாநிலத்தில் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள். நோட்டுகளின் எண்களை மகஜரில் குறித்து, பினாப்தலீன் தடவி, வேறு துறையைச் சேர்ந்த இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அனுப்புகிறார்கள். வாங்கியவன் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்ததும் அது இளஞ்சிவப்பாகிறது. புகார்தாரரின் பணத்தை அரசு திருப்பித் தருகிறது. சாதாரண வருவாய் ஆய்வாளரைப் பிடிக்க இவ்வளவு தெளிவான நடைமுறை நம்மிடம் இருக்கிறது. மனிதனை விற்கிறவனைப் பிடிக்க அப்படி ஒரு நடைமுறைக் கையேடுகூட இல்லை.

சட்டமும் கைகொடுக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிப்பெயர்வுச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி பதிவு இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதே குற்றம். எதிரே இருப்பவன் உண்மையான பட்டதாரியா, மஃப்டியில் வந்த காவலரா என்பது அந்தக் குற்றத்தை மாற்றாது, பையன் விமானம் ஏறும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆள்கடத்தலுக்கான 143ஆம் பிரிவும், ஒருங்கமைக்கப்பட்ட குற்றத்துக்கான 111ஆம் பிரிவும் அதற்கு மேலே உள்ளவர்களை எட்ட உதவும். எல்லை கடந்த ஒருங்கமைக்கப்பட்ட குற்றங்களுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2011இல் ஏற்று உறுதி செய்தது. அதன் 20ஆம் உறுப்பு மறைமுகப் பணியை ஒரு புலனாய்வு முறையாகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. போதைப்பொருள் சட்டத்தில் கண்காணிப்போடு சரக்கைப் போகவிடும் முறைக்கு 50ஏ பிரிவு இருக்கிறது. ஆள்கடத்தலுக்கு வரும்போது மட்டும் மஃப்டியில் போகிற காவலருக்குச் சட்டப் புத்தகத்தில் ஓர் இடம் இல்லை. அவர் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, வழக்கில் அவரை எப்படிக் காப்பது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் என் சக காவலர்கள் சிலர் விரும்பாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பணம் கொடுங்கள், ஆனால் பூட்டும் சாவியும் சேர்த்துக் கொடுங்கள். பூட்டில்லாத மறைமுகக் காவல் எங்கே போய் முடியும் என்பதற்குப் பிரிட்டனைப் பார்த்தால் போதும். வியட்நாம் போரை எதிர்த்த ஊர்வலங்களைக் கண்காணிக்க 1968இல் லண்டனில் தொடங்கிய ஓர் இரகசியப் பிரிவு நாற்பது ஆண்டுகள் நடந்தது. காவலர்கள் இறந்துபோன குழந்தைகளின் பெயர்களைத் தங்கள் பெயராக வைத்துக்கொண்டு அமைப்புகளுக்குள் நுழைந்தார்கள். பெண்களைக் காதலிப்பதாக ஏமாற்றி ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்தார்கள். நிறவெறியால் கொல்லப்பட்ட ஸ்டீபன் லாரன்ஸுக்காக நீதி கேட்டு நின்றவர்களைப் பற்றியும் தகவல் சேகரித்தார்கள். 2015இல் அதை விசாரிக்க ஆணையம் அமைந்தது. அந்தப் பிரிவைத் தொடக்க காலத்திலேயே மூடியிருக்க வேண்டும் என்று ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு இடைக்கால அறிக்கை சொன்னது. அந்தப் பெண்களின் துயரத்துக்குப் பணம் கொடுத்தது வரி கட்டிய மக்கள். நான் கேட்கிற மானியத்தின் ஒரு ரூபாய்கூட ஊர்வலம் போகிறவர்களையோ, சங்கம் வைக்கிறவர்களையோ, எதிர்க்கட்சிக்காரர்களையோ உளவு பார்க்கப் போகக் கூடாது. செலவுத் தலைப்பிலேயே அதை எழுதி வையுங்கள்.

இன்னொரு வரம்பும் வேண்டும். 1998இல் போர்த்துகல் வழக்கொன்றில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மஃப்டியில் இருந்த இரண்டு காவலர்கள், முன்பு எந்தக் குற்றப் பதிவும் இல்லாத ஒருவரிடம் போய் ஹெராயின் வாங்கித் தரும்படி கேட்டுக் கைது செய்திருந்தார்கள். காவலர்கள் போய்க் கேட்டிராவிட்டால் அந்தக் குற்றம் நடந்திருக்கும் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. இலக்குக் கணக்கு காட்ட வேண்டிய நெருக்கடியில் இருக்கிற காவலர் எதைச் செய்வார் என்று எனக்குத் தெரியும், நானும் மாதாந்திரக் கணக்கு எழுதியவன். வேலையில்லாத ஒரு பையனிடம் போய் "ஆள் பிடித்துக் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று ஆசைகாட்டி, அவன் சரி என்றதும் விலங்கு மாட்டுவது சுலபம். ஆகவே முதல் அழைப்பு ஏஜென்டிடமிருந்தே வந்திருக்க வேண்டும், அல்லது அவன் வெளியிட்ட விளம்பரம் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். பேச்சு தொடக்கத்திலிருந்து முழுமையாகப் பதிவாக வேண்டும், வேண்டிய இடம் மட்டும் பதிவாகக் கூடாது. எழுத்துப்பூர்வ அனுமதியை மாவட்டத்துக்கு வெளியே உள்ள உயர் அதிகாரி தர வேண்டும். முடிந்த வழக்குகளின் செலவையும் நடத்தையையும் ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஆண்டுதோறும் திறந்து பார்க்க வேண்டும். இரகசியம் வழக்கு நடக்கும்வரை இருந்தால் போதும்.

மீண்டு வந்த பையன்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். அவர்களை இன்ஃபார்மராக்குவதற்கு மிரட்டாதீர்கள். அங்கே அடிக்குப் பயந்து மோசடி செய்தவன்மீது இங்கே வழக்குப் போடுவதாகச் சொல்லி, "உன் ஏஜென்டிடம் மறுபடியும் பேசு, நாங்கள் சொல்கிறபடி நடி" என்று உட்காரவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்த ஒரு பையனின் கை நடுங்கியதையும் பார்த்திருக்கிறேன். அந்த வேலைக்குத்தான் பயிற்சி பெற்ற காவலர் வேண்டும் என்கிறேன். பெண் காவலர்களும் வேண்டும். 1992இலேயே அனைத்து மகளிர் காவல் நிலையம் கண்ட மாநிலம் இது. வேலை தேடும் பெண்ணாகப் பேசுவதற்கு நம்மிடம் ஆள் பஞ்சமில்லை, அவர்களைப் பின்னால் நின்று காக்கும் ஏற்பாடுதான் இல்லை. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றுக்கொண்டது. மறைமுகப் பணியில் இருந்த காவலருக்கும் அவர் குடும்பத்துக்கும் அது பொருந்தும் என்று தெளிவாக அறிவியுங்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவன் அந்தக் காவலரின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியைத் தெரிந்துகொள்வதற்கு ஒரு நாள் போதும்.

எல்லைக்கு அப்பால் நம் காவலர் யாரும் போக வேண்டாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆயுதக் குழுக்களின் ஆட்சி. மஃப்டியில் போனவரின் எல்லை விமான நிலைய வாசல். டிக்கெட் கைக்கு வந்ததும், பாங்காக்கில் வரவேற்கப் போகிறவனின் பெயரும் எண்ணும் தெரிந்ததும் நம் பங்கு முடிந்தது. அதன் பிறகு தூதரகமும் இன்டர்போலும் தாய்லாந்துக் காவல்துறையும் இருக்கின்றன. அந்த நாட்டோடு நமக்கு 2013இல் கையெழுத்தான குற்றவாளி ஒப்படைப்பு ஒப்பந்தமும் இருக்கிறது. நாம் கொடுக்கிற தகவல் அன்றைய தகவலாக இருந்தால்தான் அவர்களால் எதுவும் செய்ய முடியும்.

எவ்வளவு செலவாகும் என்று கேட்பீர்கள். இணைய மோசடியில் 2024ஆம் ஆண்டு மட்டும் இந்தியர்கள் 22,845 கோடி ரூபாய் இழந்ததாக நாடாளுமன்றத்தில் உங்கள் அமைச்சகமே சொன்னது. அதில் ஒரு பகுதி நம் பையன்களின் விரல்களாலேயே பறிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஐந்தாறு மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்க, ஒவ்வொரு பிரிவுக்கும் நான்கு காவலர்களும் ஓராண்டுச் செலவும் போதும். ஒரு மீட்பு விமானத்தின் எரிபொருள் செலவை அருகில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் "வெளிநாட்டில் உடனடி வேலை" என்ற துண்டுத்தாள் இன்றும் ஒட்டப்படுகிறது. பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை எண் மாறுகிறது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த எண்களையும் ஒட்டிய தேதிகளையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வருகிறேன். இப்போது இரண்டாவது நோட்டு நடக்கிறது. நான் அந்த எண்களுக்குப் போன் செய்வதில்லை, என் குரலை அவர்களில் ஒருவன் கேட்டிருக்கிறான். நீங்கள் நிதி கொடுத்து அனுப்பப்போகும் முதல் காவலரிடம் இரண்டு நோட்டுகளையும் ஒப்படைக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர்,
தமிழ்நாடு காவல்துறை